பாய் கடைக்கு வந்த நோட்டீசு

என் மருமகனைச் சொல்லணும். மதுரையில உக்காந்துக்கிட்டு, புதுச் சட்டம் வந்திருக்கு, செக்கு திரும்புனா ஜெயிலுன்னு என்னய உசுப்பேத்திவிட்டான். ஜெயிலுக்குப் போறது யாரு? முத்து முகம்மது பாய். இந்த ராஜபாளையத்துல நான் வாய்விட்டுப் பேசுத ஒரே மனுசன்.

மில்லுல ரிட்டையர் ஆனப்போ வந்த பணத்துல முப்பதாயிரத்தைப் பாய்க்குக் கைமாத்தாக் குடுத்திருந்தேன். அவருக்குச் சாக்குக் கடை. எம் பொண்டாட்டி அய்யம்மாள் போயி நாலு வருசம், வீட்டுல சுவரும் நானுந்தான். மத்தியானம் ஒரு மணிக்குப் பாய் தொழுகைக்குப் போவாரு, அப்படியே வீட்டுல சாப்பிட்டு மூணு மணிக்கு வருவாரு. அதுவரைக்கும் கடையை நான் பாத்துக்கிடுவேன். வந்ததும் ரெண்டு டீ சொல்லுவாரு. பொறவு கடை அடைக்கிற வரைக்கும் பேச்சுதான். எனக்கு நாள்னா அதுதான்.

அந்தக் கடனுக்குப் பாய் குடுத்த செக்கு பணமில்லன்னு திரும்பிருச்சு. அது ஸ்ரீவில்லிபுத்தூர் பேங்கு செக்கு. மருமகன் என்னய அந்த ஊரு வக்கீல்கிட்டயே இழுத்துக்கிட்டுப் போனான். முதல்ல ரிஜிஸ்தர் தபால்ல நோட்டீசு விடணும், அது பாய் கைக்குப் போயிப் பதினஞ்சு நாள்ல பணம் வரலன்னாதான் கேஸ் நிக்கும்னாரு வக்கீல். விலாசம் கேட்டாரு. எனக்குத் தெரிஞ்சது கடை விலாசந்தான், அதையே சொன்னேன், கூறுகெட்டவன்.

நாலாம் நாள் ரெண்டு மணிக்குப் போஸ்ட்மேன் வந்தாரு. பாய்க்கு வாற ரிஜிஸ்தரை எல்லாம் நாலு வருசமா நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்குதேன். அன்னைக்கும் பழக்கதோசத்துல, தபால் சேர்ந்துச்சுன்னு திருப்பி அனுப்புத கார்டுல கிறுக்கிட்டேன். கவரைத் திருப்புனா வக்கீல் முத்திரை. இதைப் படிச்சாருன்னா நாளைக்கு இந்தக் கடையில எனக்கு என்ன வேலை? சட்டைக்குள்ள சொருகி வீட்டுக்குக் கொண்டுபோயி டிரங்குப் பெட்டியில வச்சுட்டேன். நாளைக்குக் குடுப்போம், நாளைக்குக் குடுப்போம்னே பதினஞ்சு நாளும் போச்சு. டீ மட்டும் தவறல.

பணம் வரலன்னு மருமகன் எங்கிட்டக் கையெழுத்து வாங்கிக் கேஸ் போட்டான். பொறவு கோர்ட்டு சம்மன் பாய் கைக்கே நேரா வந்துச்சு. அன்னையிலிருந்து என்னயக் கண்டா அவரு தெருவோட அந்தப் பக்கம் போவாரு.

விசாரணையில பாயோட வக்கீல் அந்தத் தபால் கார்டை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாரு. இது யாரு கையெழுத்துன்னாரு. எங்க வக்கீல் வெளியவே சொல்லியிருந்தாரு, கையெழுத்தைப் பத்திக் கேட்டா தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்னு. தெரியாதுன்னா பாய் உள்ள போவாரு. உண்மையைச் சொன்னா, ஒருவேளை அவரு மறுபடியும் எங்கூடப் பேசுவாருன்னு நெனச்சேன். கடவுளே, அந்த ஒரு ஆசைதான்.

"என் கையெழுத்துதாங்கய்யா" ன்னேன். கோர்ட்டே சிரிச்சுச்சு. மருமகன் தலையில அடிச்சுக்கிட்டான். பாய் சிரிக்கல.

நோட்டீசே போய்ச் சேரலன்னு அடுத்த மாசம் கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. அன்னைக்குக் கோர்ட்டு வாசல்ல வேப்பமரத்தடியில நின்னேன். பாய் எங்கிட்ட வந்தாரு.

"சமுத்திரம், துட்டு வந்து சேரும், பயப்படாதேயும். அந்த நோட்டீசை அன்னைக்கே கையில குடுத்திருந்தீருன்னா நாலு வார்த்தை வைஞ்சிருப்பேன், மறுநாள் டீ சொல்லியிருப்பேன். பதினஞ்சு நாள் பக்கத்துல உக்காந்து சிரிச்சீரே, அதைத்தான் தாங்க முடியல."

ரெண்டு பேரும் ஒரே பஸ்சுலதான் ஊரு வந்தோம். அவரு முன்னால, நான் பின்னால.

சொன்னபடி மூணு தவணையில துட்டை அனுப்பிட்டாரு. கடைசித் தவணையைக் கொண்டாந்தது கடை லோடுமேன் இருளப்பசாமி. உக்காருங்க, செத்த நேரம் இருந்து ஒரு டீ குடிச்சுட்டுப் போங்கன்னேன். லாரி நிக்குதுன்னு அவரு போயிட்டாரு.