கண்ணாடி சிஸ்டரின் புதுமை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் அக்காவின் வாயிலிருந்து பிடுங்கியது. ஆஸ்பத்திரி கேன்டீனில் காபியை ஆற்றிக்கொண்டே, "ஒரு பழைய கேஸைத் திரும்பப் பாக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டிருக்கேன்டி" என்றாள். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் கையெழுத்துப் போடாதவள், பார்க்கலாமா என்று யோசிக்கிறாளாம்! எனக்குக் காது விடைத்துக்கொண்டது. அவளும் அதைக் கவனித்துவிட்டாள்.

"ஆரம்பிச்சுட்டியா? உன்கிட்ட வாயைத் திறந்தா அது அச்சுலதான் போய் நிக்கும்."

வந்து நிற்கிறது. என்ன செய்ய, பிழைப்பு அப்படி.

அக்கா ஒரு கன்னியர் மடத்துச் சிஸ்டர். டாக்டரும்கூட. ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர் அல்ல. நோயாளியின் உடம்பிலிருந்து கிள்ளியெடுத்த சதையை மெழுகில் புதைத்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அது புற்றா இல்லையா என்று சொல்கிறவள். எந்நேரமும் கண்ணாடித் தட்டும் கையுமாகத் திரிவதால் அவளுக்குக் கண்ணாடி சிஸ்டர் என்று பெயர். (மூக்கின்மேலும் ஒரு கண்ணாடி உண்டு, சோடா பாட்டில் கனத்தில்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "மடத்தின் மணி ஒலித்தது. வெண்ணிற உடையணிந்த அந்த அருட்சகோதரியின் விழிகளில் நம்பிக்கையின் ஒளி—"

விளங்கினாப்போலதான். அடித்துவிட்டேன்.

இரண்டாவது முயற்சி: "விசுவாசத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையே காலங்காலமாக நடக்கும் யுத்தத்தில்—" இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "எந்த யுத்தம்டி? எங்க நடக்குது?" என்றாள். கேலியாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்த மடத்தை நிறுவிய அம்மையார், எல்லோரும் "தாய்" என்றே சொல்வார்கள், தன் காலத்திலேயே கன்னியரை மருத்துவம் படிக்க அனுப்பியவர். ஜெபக்கூடத்துக்கும் பரிசோதனைக்கூடத்துக்கும் ஒரே சுவர் வைத்து, நடுவில் ஒரு கதவு போடச் சொன்னவர். கதவுக்குத் தாழ்ப்பாள் கூடாது என்றாராம். இன்றைக்கும் இல்லை. அதனால் ஜெபமாலை சொல்லும்போது ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாய்களைச் சுற்றும் மெஷினின் இரைச்சல் உள்ளே வரும்.

இப்போதைய தலைவி மதருக்கு அது பிடிக்காது. "அருள் நிறைந்த மரியே சொல்றப்போவாவது அந்த மெஷினை நிறுத்தக்கூடாதா சிஸ்டர்?"

"பாதியில நிறுத்தினா ரத்தம் கலங்கிடும் மதர்."

இந்த இருவருக்கும் நடுவில் வாய்ச்சண்டை உண்டு. யுத்தம் என்று சொல்ல முடியாது.

3

இனி சங்கதிக்கு வருகிறேன். தாய் இறந்து வெகுகாலம் ஆகிறது. அவரை முத்திப்பேறு பெற்றவர் என்று திருச்சபை அறிவிக்க வேண்டும் என்பது மடத்தின் ஆசை. புனிதர் ஆவதற்கு முந்தைய படி அது. அதற்கு ஒரு புதுமை* நிரூபிக்கப்பட வேண்டும்.

[*புதுமை: கத்தோலிக்கர் வாயில் இதற்கு அற்புதம் என்று பொருள். இந்தக் கதையைப் பற்றிப் போனில் சொன்னபோது பத்திரிகை ஆசிரியர், "மடத்துல என்ன புதுமை பண்ணிட்டாங்க, சோலார் போட்டாங்களா?" என்று கேட்டார்.]

புதுமை நடந்தது ஒரு பஸ் ஓட்டுநருக்கு. ஈரலில் கட்டி. சதை எடுத்து அனுப்பினார்கள், அக்கா பார்த்தாள், புற்று என்று எழுதினாள். முற்றிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள் டாக்டர்கள். அவர் மனைவி அந்த ஆஸ்பத்திரியிலேயே தையல் வேலை பார்ப்பவர். தினமும் வேலை முடிந்ததும் தாயின் கல்லறையில் போய் முழங்கால் போட்டார். கட்டி சுருங்கியது. பிறகு காணவே காணோம். மனிதர் இன்றும் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

திருச்சபை "ஆகா, புதுமை!" என்று உடனே கைதட்டிவிடாது. விசாரணை வைக்கும். குறுக்குக் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு பாதிரியாரை நியமிக்கும். இங்கே வந்தவர் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். வந்த அன்றே அவருக்குச் சந்தேக ஃபாதர் என்று பெயர் விழுந்துவிட்டது. கட்டி புற்றுதான் என்று சொன்னவள் என்பதால், முக்கியமான சாட்சி அக்கா.

சாட்சிக்குத் தயாராகும்போதுதான் அவள் ஒரு மருத்துவப் பத்திரிகையில் படித்தாள். ஈரலில் ஒருவகை வீக்கம் வரும், பார்வைக்கு அச்சு அசலாகப் புற்று மாதிரியே இருக்கும், தானாகவே கரைந்தும் போகும். இரண்டையும் பிரித்துக் காட்டும் சாயம் அன்று அவளிடம் இல்லை. இன்று இருக்கிறது. ஓட்டுநரின் சதை இன்னும் மெழுகில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் மிச்சம் ஒரே ஒரு சீவலுக்குத்தான் தேறும்.

பார்த்தால், மடம் இத்தனை காலம் காத்திருந்த புதுமை இல்லாமலே போகலாம். பார்க்காவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

4

மதரை வில்லியாக்கத்தான் முதலில் நினைத்தேன். ["அறையின் இருளில் மதரின் குரல் பாம்பாகச் சீறி—" சீச்சீ!] ஒத்துவரவில்லை. உண்மையில் விஷயம் தெரிந்ததும் மதர் அக்காவைத் தேடி லேபுக்கே வந்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கெஞ்சாத குறையாகப் பேசியிருக்கிறார்.

"படுக்கையில கிடக்கற பெரிய சிஸ்டர்களை நினைச்சுப் பாருங்க. தாயை நேர்ல பாத்தவங்க அவங்கதான். இதைக் கேட்டுட்டுப் போகணும்னே மூச்சைப் பிடிச்சிட்டிருக்காங்க. நீங்க பொய் சொல்ல வேண்டாம். எப்படிக் குணமாச்சுன்னு கேட்டா, எனக்கு விளங்கலைன்னு சொல்லுங்க. அது உண்மைதானே?"

உண்மைதான். அந்த நிமிஷம்வரை சுத்தமான உண்மை. அதுதான் அக்காவைக் குடைந்தது.

அவள் நேரே போய்ச் சந்தேக ஃபாதரிடம், "எனக்கு விளங்கலைன்னு சாட்சி சொன்னா எழுதிப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"எழுதிப்பேன். ஆனா ஒண்ணு கேப்பேன் சிஸ்டர். பாத்தும் விளங்கலையா, பாக்காததால விளங்கலையா?"

அக்கா கையிலிருந்த கண்ணாடித் தட்டைப் பார்த்தாளாம்.

"உங்க விசுவாசத்தைச் சாட்சியாக் கேட்டு நான் வரல" என்றாராம் அவர். "அது என்கிட்டயும் இருக்கு. உங்க கண்ணு என்கிட்ட இல்ல. அதைக் கடன் கேட்டுத்தான் வந்திருக்கேன்."

[இந்த இடத்தில் நான் யார் கட்சி என்று வாசகர் கேட்பார். நான் சர்ச் பக்கம் போய்ப் பல காலம் ஆகிறது. அது புற்றில்லை என்று தெரிந்தால் அக்காவை வாதத்தில் ஜெயித்த மாதிரி இருக்கும் என்று ஒரு அற்ப ஆசை எனக்கு இருந்தது. அடுத்த பகுதி வரைக்கும்தான் இருந்தது.]

5

அது அவருடைய சதை, அவரைக் கேட்காமல் சீவக்கூடாது என்றாள் அக்கா. ஓட்டுநர் ஸ்கேனுக்கு வரும் நாளில் தையல் அறைக்குப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். ஆபரேஷன் அறைக்கான பச்சைத் துணிகள் குவிந்து கிடந்தன. அவர் மனைவி ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை. ஓட்டுநருக்கு மின்விசிறிக்கு அடியிலும் வேர்த்துக் கொட்டியது.

"நீங்க என்னைத் திட்டலாம்" என்று ஆரம்பித்தாள் அக்கா. "அன்னைக்கு நான் பாத்தது தப்பா இருந்திருக்கலாம். புற்று மாதிரியே வேஷம் போடற ஒரு வீக்கம் இருக்கு. தானா வரும், தானா போகும். எதுன்னு கண்டுபிடிக்க இப்ப வழி இருக்கு. பாக்கவான்னு கேக்கத்தான் வந்தேன்."

இங்கே ஓட்டுநரைக் கோபப்படவைத்து ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ["என் சாவை வைத்து விளையாடினீர்களா?" என்று அவர் கர்ஜித்—] கிழித்துப் போட்டாயிற்று. அவர் கர்ஜிக்கவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்படி இருந்தா... அது திரும்ப வராதா சிஸ்டர்?"

"புற்றே இல்லைன்னா, திரும்ப வர்றதுக்கு அங்க என்ன இருக்கு?"

அவர் அந்தத் துணிக்குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரும் என் கையைப் பிடிச்சுட்டு, நீ குடுத்து வெச்சவன்யான்றாங்க. எனக்கு வயித்துல லேசா சுருக்னாக்கூட உயிரே போயிடுது. ஸ்கேனுக்கு வர்றதுக்கு முன்னாடி தூக்கமே கிடையாது. வெளிய சொல்ல முடியுமா சிஸ்டர்? புதுமை கிடைச்சவனே பயந்து சாகறான்னு தெரிஞ்சா, அது தாய்க்குத்தானே அசிங்கம்?"

தையல் மெஷின் நின்றது. "ஏங்க, என்கிட்டகூடச் சொல்லலையே நீங்க?"

"உன்கிட்ட எப்படிம்மா சொல்றது? நீதானே ஜெபம் பண்ணி வாங்கின?"

புதுமை என்று மடம் ஒரு பக்கம், இல்லையென்று நான் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். நடுவில் இந்த மனிதர் தனியாக நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். யாராவது அவரை ஒரு வார்த்தை கேட்டோமா?

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாருங்க சிஸ்டர். நான் அன்னைக்கு இவர் பிழைக்கணும்னுதான் கேட்டேன். எப்படிப் பிழைக்கணும்னு கேக்கல. இப்ப தாய்கிட்ட வேற ஒண்ணு கேக்கறேன்."

"என்ன கேக்கப் போறீங்க?"

"உங்க கண்ணுக்கு நல்லா தெரியணும்னு. எதுவா இருந்தாலும் சரி."

6

முடிவு, முதல் வகை: புதுச் சாயத்திலும் அது புற்றுதான். மணி ஒலிக்கிறது, பெரிய சிஸ்டர்கள் படுக்கையில் எழுந்து உட்காருகிறார்கள், சந்தேக ஃபாதர் கேள்விகளை மூடி வைக்கிறார். ஓட்டுநர் அடுத்த ஸ்கேனுக்கும் வேர்த்துக்கொண்டேதான் வருவார். ஆனால் பயப்படுகிறேன் என்று இனிமேல் வீட்டில் சொல்லலாம்.

முடிவு, இரண்டாம் வகை: அது புற்றில்லை. மடம் இன்னொரு புதுமைக்குக் காத்திருக்க வேண்டும். பெரிய சிஸ்டர்கள் காத்திருக்க மாட்டார்கள், அவர்களால் முடியாது. ஓட்டுநர் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அடித்துப் போட்டாற்போல் தூங்குவார்.

மூன்றாம் வகை: சீவும்போது சதை உதிர்ந்துபோகிறது, யாருக்கும் ஒன்றும் தெரியாமலே— வேண்டாம். இது எழுத்தாளர்கள் தப்பித்து ஓடும் சந்து. அக்கா அப்படிச் சீவுகிறவளும் இல்லை.

7

நடந்ததில் நான் பார்த்தது இவ்வளவுதான். சாட்சி சொல்ல வேண்டிய அன்று காலை அக்கா கடைசிச் சீவலை எடுத்துச் சாயத்தில் போட்டாள். தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பக்கம் தையல்கார அம்மா முழங்காலில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் மதரும் வந்து பக்கத்தில் முழங்கால் போட்டார். அவர் என்ன வேண்டிக்கொண்டாரோ, அது அவருக்கும் கடவுளுக்கும். மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அதை நிறுத்தச் சொல்லி அவர் கேட்கவில்லை.

அக்கா மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். என்னையும் கூப்பிட்டாள். எனக்கு ஊதாவும் பழுப்புமாகப் புள்ளிகள்தான் தெரிந்தன.

"எனக்கு விளங்கலை" என்றேன்.

"பாத்துட்டுச் சொல்றியே, அதுவே பெரிசு" என்று சிரித்தாள்.

"உனக்கு?"

"நல்லா தெரிஞ்சுது."

எது என்று கேட்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போய்ச் சத்தியம் செய்துகொடுத்துச் சாட்சி சொன்னாள். இங்கே கேட்டதையும் சொன்னதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்பதும் அந்தச் சத்தியத்தில் சேர்த்தி. அதற்குப் பிறகு நான் காலில் விழாத குறைதான். வாயைத் திறப்பேனா என்கிறாள். கதையாக எழுதவா என்றால், "சத்தியத்துக்கு முந்தி நடந்ததை எழுதிக்கோ" என்கிறாள்.

ஓட்டுநரையே கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். அவருடைய சதை, அவரிடம் சொல்லாமல் விட்டிருக்க மாட்டாள். கேட்கத்தான் அவர் பஸ்ஸில் ஏறினேன். முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன். அவர் தலைக்கு மேலே ஒரு பலகை: "ஓட்டுநருடன் பேசாதீர்கள்." இறங்கிவிட்டேன்.

அதனால் கட்டியின் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும் முன் அந்தத் துணிக்குவியலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள், அது போதும்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அன்று காலை தையல்கார அம்மா தாயிடம் கேட்டது கட்டியைப் பற்றி அல்ல. சிஸ்டரின் கண்ணுக்கு நல்லா தெரியணும் என்று கேட்டார். தெரிந்தது. பக்கத்தில் நின்று பார்த்த சாட்சி நான் ஒருத்திதான். என்னை விசாரணைக்கு யாரும் கூப்பிடவில்லை.