இரண்டாவது சட்டை

நான் வேலை பார்த்த குளிர்பதனக் கிடங்கில் மாம்பழத்துக்குச் சட்டை போடுவது என் பொறுப்பு. மரவள்ளி மாவும் தேன்மெழுகும் காய்ச்சிக் கரைத்த தொட்டியில் பழத்தை முக்கி, விசிறிக் காற்றில் உலர்த்தி, குளிர் அறைக்குள் அனுப்பவேண்டும். பூச்சைத் தோலோடு தின்னலாம், ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு முறைதான். பழமும் மூச்சுவிடுகிற ஜீவன். மேலே இன்னொரு சட்டை போட்டால் உள்ளுக்குள் புழுங்கிச் செத்துப்போகும்.

இதை என் மச்சானிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். மச்சான் என் அக்கா புருஷன். கிடங்குச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். அக்கா போய்ச் சேர்ந்ததும், அவள் பேரில் இருந்த வீட்டை விற்றுவிடலாம் என்று வெளிநாட்டிலிருந்து அவர்கள் மகன் சொன்னான். மச்சான் கையெழுத்துப் போட மறுத்தார். வீட்டுக்குப் பின்னால் அக்கா வைத்த மாமரம் நின்றது.

"அவன் வந்து அவ மரத்துப் பழம் ஒன்னைத் தின்னட்டும் மாப்ளே. அப்புறம் விக்கச் சொல்ல நாக்கு எழாது."

அந்த மரத்தில் அந்தப் பருவத்துக்குக் கடைசியாகப் பறித்த கூடையை முறைப்படி முக்கிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வருகிறேன் என்றான் மகன். பிறகு லீவு கிடைக்கவில்லை என்றான். பிறகு பிள்ளைக்குப் பரீட்சை. மரத்தில் காய் ஓய்ந்துவிட்டது. அவன் தள்ளிப்போடும்போதெல்லாம் மச்சான் எனக்குத் தெரியாமல் கூடையைத் தூக்கிவந்து இன்னொரு முறை முக்கியிருக்கிறார். பளபளப்புதான் காட்டிக்கொடுத்தது. ஈ ஒன்று வந்து உட்கார்ந்து, வழுக்கி விழுந்து, காலை ஒடித்துக்கொண்டது. மச்சான் அந்தப் பழத்தில் முகம் பார்த்துத்தான் மீசை நறுக்கினார். நம்பாதவர்கள் மீசையைப் பார்த்திருக்கவேண்டும். பழம் உருண்டையில்லையா, ஒரு பக்கம் கோணல்.

"உள்ள கெட்டுப்போயிருக்கும் மச்சான்" என்றேன்.

"உங்கக்காகூடத்தான் கடைசிவரைக்கும் பளபளன்னு இருந்தா. உள்ள கெட்டது உனக்குத் தெரிஞ்சுதா?"

கூடையைத் தூக்கிக் குளிர் அறைக்குள் திரும்ப வைத்தேன்.

ஒருவழியாக மகன் வந்தான், வீட்டுத் தரகரையும் பத்திரத்தையும் கூட்டிக்கொண்டு. மச்சானே பழத்தைத் தட்டில் வைத்து அரிந்தார். கத்தி இறங்கியதும் சாராயக் கடைக் கதவு திறந்ததுபோல் வாடை. தரகர் மூக்கைப் பொத்தவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சதை பழுப்பேறிக் கூழாகியிருந்தது. மச்சான் தட்டைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தார். அதற்குள் மகன், கைபேசியில் ஏதோ தட்டிக்கொண்டே, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டான்.

"அதே ருசிப்பா" என்றான். "அம்மா மரத்துப் பழம்னா சும்மாவா."

மச்சான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பொய் சொல்கிற முகமாக இருந்திருந்தால்கூட அவருக்குத் தேறுதலாக இருந்திருக்கும். பிறகு கையைத் தோள்துண்டில் துடைத்துக்கொண்டு, "எங்க போடணும்?" என்றார். தரகர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

மிச்சப் பழத்தை நான்தான் குப்பைமேட்டில் கொட்டினேன். வெயிலில் தங்கக் கட்டிபோல மின்னிக்கொண்டு கிடந்தது. ஓர் ஈகூட அண்டவில்லை. கால் ஒடிந்த அந்த ஈ போய்த் தன் சனத்திடம் சொல்லியிருக்கவேண்டும். ஈக்களுக்காவது சொன்னால் புரிகிறது.