அந்த நாய் சாகாது

ரயில் நாவலை யார் இரவல் வாங்கினாலும், அது முக்கால்வாசியில் ஒரு பஸ் டிக்கெட் செருகப்பட்டே திரும்பி வந்தது. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அது. ஓட்டமாவடியில் நபீஸா ராத்தாவின் புடவைக் கடைக்கு மேல்மாடியில், சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். இரவல் புத்தகங்கள் என் பொறுப்பு. நான் தண்ணீர்ப் பம்பு திருத்துபவன். ஒன்று ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. தேனீ வளர்ப்புப் புத்தகம் கடைசிப் பக்கம் வரை கறி விரல்களின் மஞ்சள் கறையோடு வந்தது. கலங்கரை விளக்கங்களைப் பற்றிய புத்தகத்தில், கண்ணாடி வளையங்கள் ஒரு சிறு சுடரை எப்படிக் கடலின் தூரத்துக்குத் தள்ளுகின்றன என்று சொல்லும் அத்தியாயம் தேய்ந்தே போயிருந்தது. எனக்கும் அதுதான் பிடித்த அத்தியாயம். நாவல்கள் மட்டும்தான் நடுவழியில் நின்றன.

அதிலும் ரயில் நாவல் எனக்கு உயிர். ரயில் நிலையத்துக்கு முன்னால் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஒரு விதவை, அவளுடைய நாய், ஒரு நீண்ட மழைக்காலம். முதல் பாதி இழுவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசி அத்தியாயத்தில் அவள் செய்வது சரியா பிழையா என்று யாரோடாவது சண்டை பிடிக்க மாதக்கணக்காகக் காத்திருந்தேன். அதற்கு இன்னொருவராவது அதை முடித்திருக்க வேண்டும்.

எழுத்து சிறியது என்று நினைத்து ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்தேன். அந்த இடத்தில் கட்டு இறுக்கமோ என்று புத்தகத்தின் முதுகைப் பிரித்துப் புதிதாகத் தைத்தேன். டிக்கெட் அதே இடத்திலேயே வந்தது.

பனிச்சங்கேணியிலிருந்து வரும் கம்சாயினி பிரசவம் பார்க்கும் மருத்துவமாது. அவளும் அதைத் திருப்பித் தந்தபோது நேராகவே கேட்டேன்.

"என்ன தங்கச்சி, நீயும் பாதியில வச்சிட்டியா?"

"நல்ல கதைதான், விஜி அண்ணன்."

"நல்ல கதையெண்டா ஏன் நிப்பாட்டின?"

"நாய் மழைக்குள்ள போயிட்டு, காணல்ல. இனிச் சாகப்போகுது. அதையும் நான் பார்க்கணுமா?"

"அது சாகாது," என்றேன்.

வாய் தவறிவிட்டது. எங்கள் வட்டத்துக்கு இருந்த ஒரே சட்டம், முடிவைச் சொல்லக் கூடாது என்பது. சொன்னவர் எல்லோருக்கும் வட்டிலப்பம் வாங்கித் தர வேண்டும். சட்டத்தைப் போட்டவனே நான்.

"கேட்டுட்டன், கேட்டுட்டன்." நபீஸா ராத்தா துணி மடிப்பதை நிறுத்தினார். "தம்பி, எனக்குப் பெரிய துண்டா எடுங்க."

கம்சாயினி அதைக் காதில் வாங்கவில்லை. "உண்மையா சாகாதா? சும்மா சொல்லல்லயே?"

"உண்மையா. அந்தப் பொம்புளையும் சாகமாட்டா."

தந்த புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அடுத்த சனிக்கிழமை படியேறும்போதே தொடங்கினாள். "அவ கடையை வித்தது முழுப் பிழை, அண்ணன். எழுதின ஆளுக்குக் கடை நடத்தத் தெரியாது."

"வித்தாத்தானே அவ ரயில்ல ஏறலாம்?"

"ஏன் ஏறணும்? ரயிலே அவட கடைக்கு முன்னால வந்து நிக்குது."

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை சண்டை பிடித்தோம். நான் தோற்றேன். அவ்வளவு சந்தோசமாக நான் எதிலும் தோற்றதில்லை.

ராத்தா என் பக்கம் திரும்பினார். "நானும் அந்த நாயோடதான் நிப்பாட்டின, தம்பி. மத்த நாவலுகளையும் சொல்லுங்க. ஆரு மௌத்தாகுறாங்க?"

"ஆரு சாகிறாங்க எண்டு சொன்னா ருசி போயிராதா ராத்தா?"

"சுனாமியெண்டு கடல் வந்த அண்டைக்கும், சண்டை நடந்த வருசமெல்லாமும், ஆரு வருவாங்க, ஆரு வரமாட்டாங்க எண்டு வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தம். கதைக்குள்ளயும் வாசலைப் பார்க்கச் சொல்றீங்களா? மௌத்து இருந்தா இருக்கட்டும். எந்தப் பக்கத்தில எண்டு மட்டும் சொல்லுங்க. மனசை ஆயத்தம் பண்ணிக்கிட்டு வாசிப்பன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடுத்தது என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதுதான் ஒரு நாவலை ஓட்டும் எண்ணெய். ஆனால் பம்பு எஞ்சினுக்குள் எண்ணெய் கூடிவிட்டால் அது அடைத்துக்கொண்டு நின்றுவிடும். கொஞ்சம் வடியவிட்டால் மறுபடி பிடிக்கும். எங்கள் ஆட்களுக்குள் அந்த எண்ணெய் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. நான் போட்ட சட்டம் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தது. தேனீப் புத்தகத்திலும் தேனீக்கள் சாகின்றன. ஆனால் அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

சட்டத்தை எடுத்துவிட்டோம். இப்போது ஒரு நாவலை முதலில் முடிப்பவர், அதன் முன்பக்க வெற்றுத்தாளில், யார் சாகிறார், எந்தப் பக்கத்தில், யார் பிழைக்கிறார் என்று பென்சிலால் எழுதிவைக்கிறார். ஏன், எப்படி என்பதை எழுதுவதில்லை. அறிய விரும்பாதவர் அந்தத் தாளைப் பார்க்காமல் புரட்டிவிடலாம். நாவல்கள் முழுதாக வாசிக்கப்பட்டுத் திரும்பி வருகின்றன.