நூற்றெழுபத்தாறாம் பக்கம்

…பின்னே எப்படித்தான் தெரியும், நூற்றெழுபத்தாறாம் பக்கம் "கதவைத் திறந்தவள்" என்று நின்றால் நின்றதுதானே, முற்றுப்புள்ளி எங்கே என்று எவன் தேடுவான்… வேடசந்தூர் போகிற மில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இனிகோவுக்கு வெட்கம்கூட வரவில்லை, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே ஒரு மதமதப்பு, அம்புட்டுதான். வாரம் மூன்று துப்பறியும் நாவல், நான்கு வருஷத்தில் அவன் கண்முன் விழுந்த பிணங்களை இந்த ரோட்டில் வரிசையாகப் படுக்கவைத்தால் வேடசந்தூர் போய்த் திரும்பியும் இரண்டு மிஞ்சும், ஒன்றுக்காவது உச்சுக்கொட்டினானா, ஞாபகமில்லை. ஆனால் புத்தக விமர்சனம் பேசுகிற யூடியூபில் அவனுக்கு ஒரு பேர் உண்டு, கடைசி வரிவரை படிக்காமல் வாயைத் திறக்கமாட்டான் என்று, அதற்குச் சாட்சியாகக் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு கேமராவுக்குக் காட்டுவான், அதை நம்பியே பதினோராயிரம் பேர். செம்பட்டி செபாஸ்தியம்மாள், ஓய்வுபெற்ற நர்ஸ், தன் முதல் நாவலை ஆசையாக அனுப்பினார், அந்தப் பிரதியில் பைண்டிங்காரன் கடைசிப் பதினாறு பக்கத்தைக் கோர்க்காமல் விட்டிருக்கிறான், இவனோ அந்த அரை வாக்கியத்துக்குக் கீழேயே கையெழுத்தைப் போட்டு, கொலைகாரனைச் சொல்லாமல் விட்ட துணிச்சல் தமிழில் எவருக்கும் வந்ததில்லை என்று வீடியோவில் இரண்டு கையையும் விரித்துப் புகழ்ந்துவிட்டான்… முழுப் புத்தகம் வாங்கியவர்கள் காலையிலிருந்து கமெண்டில் பிடித்துக்கொண்டார்கள், கொலைகாரன் பேர் தெளிவா இருக்கே சார், நீங்க படிச்சீங்களா இல்லையா?

"ஏலே, வீடியோவை அழிச்சு விட்றா. எவனோ ஹேக் பண்ணிட்டாய்ங்கன்னு சொல்லு," என்றான் பக்கத்து சீட்டு அழகர். "இல்லாட்டி, அந்தம்மா ஊசி போட்டே ஒன்னையக் கொன்னுரும்."

அழித்தால் மாட்டிக்கொள்வான், ஒத்துக்கொண்டால் நான்கு வருஷக் கையெழுத்தும் பொய்யாகும், எது மேல்… போன் அடித்தது, செபாஸ்தியம்மாளேதான், திட்டட்டும், திட்டினாலாவது ஏதாவது உறைக்குமா பார்ப்போம் என்று எடுத்தான்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி, அந்த பைண்டிங்காரனை வஞ்சு தீத்துட்டேன். விட்டுப்போன பக்கத்தையெல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸப்புல போட்டுருக்கேன். அதைப் பாக்குறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. பாதியில நின்னுபோச்சுல்ல, இன்னார்தான் கொன்னுருப்பான்னு நெனச்சிருப்பீங்கள்ல? யாரு தம்பி அது? எம்புட்டு தூரம் ஒங்களை ஏமாத்திருக்கேன்னு பாப்போம்." குரலில் குழந்தைக் குதூகலம்.

யாரை நினைத்தான்… ஒரு டாக்டர் வந்தாரே, வந்தாரா, அது போன வாரத்துப் புத்தகமா, செத்தது ஆணா பெண்ணா, புத்தகத்தை மூடினான், கையைக் கழுவினான், சோறு தின்றான், படுத்ததும் தூங்கினான், அப்புறம் என்ன ஆனது என்று ஒரு தடவைகூடப் புரண்டு படுக்கவில்லை… ஏமாறுவதற்கும் முதலில் ஒருத்தன்மேல் சந்தேகம் வந்திருக்கவேண்டாமா? இந்த ஒன்றா, மற்ற அறுநூறும் இப்படித்தானா, அவையெல்லாம் பாதியில் நின்றிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்குமா?

"சும்மா சொல்லுங்க தம்பி," என்றார் செபாஸ்தியம்மாள், "தப்பா இருந்தாலும் பரவால்ல."