கைராசி டோக்கன்

2025 ஜனவரி 9, வியாழக்கிழமை. பாடாலூர் அருகே ஒரு தீவனக் கம்பெனியின் மக்காச்சோளக் கொள்முதல் நிலையம், குரும்பலூர் ஆண்டாயியின் செல்போன் எண்ணை முடக்கி, அதில் எடுத்த டோக்கன்கள் அனைத்தையும் ரத்து செய்தது.

ஒரே எண்ணில் பலருக்கு டோக்கன் எடுத்ததால் அவள் புரோக்கர் என்பது குற்றச்சாட்டு. நிலையத்துக்கு லோடு ஏற்ற வேண்டுமானால் கம்பெனியின் வலைப்பக்கத்தில் டோக்கன் எடுக்க வேண்டும். ஊரில் பலருக்குக் கிடைக்காத டோக்கன் ஆண்டாயி வீட்டில் மட்டும் தவறாமல் கிடைத்தது. ஊரார் அதைக் கைராசி என்றார்கள். விதைப்பன்று முதல் விதையை அவளைப் போடச் சொல்கிறவர்கள், டோக்கன் பட்டனையும் அவள் போனில் அவளையே அழுத்தச் சொன்னார்கள். யாரிடமும் அவள் காசு வாங்கியதில்லை. வாங்கினாளா என்று நிலையம் ஒருவரையும் கேட்கவும் இல்லை.

ரத்தானவற்றில் பக்கத்து வீட்டுச் செல்லமுத்துவின் டோக்கனும் ஒன்று. அவருடைய சோளம் ரோட்டோரம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

மற்றவர்களுக்கு ஏன் டோக்கன் கிடைக்கவில்லை என்று விசாரிக்க, வலைப்பக்கத்தைச் செய்துகொடுத்த நிறுவனம் முத்தமிழை அனுப்பியது. அரியலூர்ப் பெண். பக்கம் வேகமாகத்தான் இருக்கிறது என்று பச்சை நிறத்தில் மதிப்பெண் போட்ட அறிக்கையோடு வந்தாள்.

ஆண்டாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, செல்லமுத்துவின் போனை லேப்டாப்போடு இணைத்து, சோதனைப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். பக்கம் சட்டென்று வந்தது. செல்லமுத்து அழுத்தினார். அசைவில்லை. மறுபடி அழுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து ‘பதிவானது’ என்று ஒரு கணம் காட்டிவிட்டு, ‘ரத்து செய்யப்பட்டது’ என்று நின்றது.

“பாத்தியாம்மா. எங்கை பட்டா வெளங்காதுன்னு எம்பொண்டாட்டி அப்பவே சொன்னா.”

“அவ சொல்லாதது எது?” என்றாள் ஆண்டாயி. முத்தமிழ் பக்கத்தைப் புதிதாகத் திறந்து கொடுக்க, போனை வாங்கினாள். கண்ணை மூடி, சிறுவாச்சூர் மதுரகாளியைக் கூப்பிட்டு, செல்லமுத்து பிள்ளைகளின் பேர்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்து, ஒரே ஒருமுறை அழுத்தினாள். டோக்கன் விழுந்தது.

“இப்ப சாமி கும்பிடாம அழுத்துங்க்கா” என்று முத்தமிழ் பக்கத்தை மறுபடி திறந்தாள்.

“அது தப்பும்மா.”

“ஒரே ஒரு தடவ.”

பக்கம் வந்ததுமே ஆண்டாயி அரைமனதாக அழுத்தினாள். அசையாததால் மறுபடியும் அழுத்தினாள். ரத்து.

முத்தமிழ் லேப்டாப்பைப் பார்த்தாள். பக்கம் கண்ணுக்கு வந்த பிறகும் விளம்பரப் படங்களையும் மற்றவற்றையும் இறக்குவதிலேயே போன் முழுதாக மூழ்கிக் கிடந்தது. அந்த நேரத்தில் விழுந்த அழுத்தங்கள் வரிசையில் நின்று, பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. முதல் அழுத்தத்தில் டோக்கன் பதிவாகி, அதே இடத்தில் ரத்து பட்டன் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது அதன்மேல் விழுந்தது. ஆண்டாயி வேண்டி முடிப்பதற்குள் போனுக்கு மூச்சு வந்துவிடும். கைராசி அவ்வளவுதான்.

“கடையத் தொறந்து லைட்டு போட்டாச்சுங்க்கா. கல்லாவுல ஆள் இல்ல” என்றாள்.

“அப்புறம் எதுக்கு என்னைய புரோக்கர்ங்கறாங்க?”

மூவரும் பாடாலூருக்குப் பஸ் ஏறினார்கள். நிலைய மேலாளர் ஜெயசீலன் முத்தமிழை மட்டும் உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே விளக்கினாள்.

“பக்கம் பச்சைன்னு எழுதிக் குடுத்தது உங்க கம்பெனிதானே?”

“எத்தன சீக்கிரம் தெரியுதுன்னு மெஷின் அளந்துச்சு சார். தொட்டா எப்ப கேக்குதுன்னு யாரும் அளக்கல. அந்த மெஷினுக்கு விரல் கெடையாது.”

“ரத்து பண்ணுனது அவங்கவங்க விரல்தான். பதிவுல அப்படித்தான் இருக்கு.”

“பதிவு பொய் சொல்லுது சார்.”

“எம் போனு சரியில்ல. எங் கையி சரியில்ல. அந்தக்கா சாமி கும்புட்டா அதுவும் சரியில்ல” என்றார் செல்லமுத்து. “ஒங்க பக்கத்த மட்டும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதுங்களா?”

ஆண்டாயி மேஜையருகே வந்தாள். “என்னோடத விடுங்க. எங் கையால எடுத்தவங்க டோக்கனத் திருப்பிக் குடுங்க. அவங்க என்ன பண்ணுனாங்க?”

ஜெயசீலன் அவளைப் பார்க்காமல் முத்தமிழிடம் சொன்னார்: “எழுதிக் குடுங்க. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பறேன்.”

முத்தமிழ் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள்.

பொங்கலுக்கு முன் மழை பெய்தது. செல்லமுத்துவின் சோளம் பூஞ்சை பிடித்து, வந்த விலைக்கு வியாபாரியிடம் போனது. நிலையத்தின் வாசலில் ‘பட்டனை ஒருமுறை மட்டும் அழுத்தவும்’ என்று ஒரு போர்டு வைத்தார்கள். கொள்முதல் முடிந்த பிறகு, மார்ச் மாதம், ஆண்டாயியின் எண் விடுவிக்கப்பட்டது.