நீட்டிக் கட்டிய கை

நேசமலர் அம்மனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளையின் கைப்புண் ஆறவேண்டும். ஆறினால் பொங்கிப் படைப்பதாக நேர்ந்தாள். புண் ஆறியது. அம்மன்மேல் குற்றம் சொல்ல இடமில்லை. கை நீளவும் வேண்டும் என்று கேட்க இவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சண்டையால் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் கொட்டில் போட்டிருந்த காலம். மண்ணெண்ணெய் மருந்து மாதிரிச் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைத்தது. ஒரு மாலை ஜாம் போத்தல் விளக்கு சரிந்து, ஆறு வயது மகள் பிரியந்தினியின் சட்டையில் நெருப்புப் பிடித்தது. வலது முழங்கையின் உட்பக்கம் வெந்துபோயிற்று.

ஓலைக் கொட்டிலில் நடந்த ஆஸ்பத்திரியில் டொக்டர் மருந்து போட்டு, கையை நீட்டி, பெட்டிப் பலகைத் துண்டொன்றை வைத்துச் சுற்றிவிட்டார்.

“மருந்து கட்ட இஞ்சை வாங்கோ. வீட்டிலை ஒருத்தரும் பலகையை அவிழ்க்கக் கூடாது. நான் சொல்லுமட்டும் கை நீண்டபடியே இருக்கோணும்.”

நேசமலரும் புருஷன் மயில்வாகனமும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள்.

எலும்பு முறிந்தால் மட்டை வைத்துக் கட்டுவது ஊருக்கே தெரியும். தோல் வெந்ததற்குப் பலகை எதற்கு? நேசமலருக்கு அது பிடிபடவேயில்லை. கேட்கவும் வெட்கம். மயில்வாகனம் வயலுக்குப் போனதும் பிள்ளை தொடங்கிவிடும்.

“அம்மா, இழுக்குதம்மா. ஒருக்கா அவிட்டு விடுங்கோ.”

பெற்ற வயிறு எவ்வளவு நேரம்தான் தாங்கும்? அவிழ்த்து, பிள்ளையை இடுப்பில் தூக்கி, அந்தக் கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வாள். மடங்கியதும் நோவு அடங்கும். பிள்ளை தோளிலேயே நித்திரையாகிவிடும். புருஷன் வருமுன் பலகை திரும்ப ஏறிவிடும். போகப்போகக் கை பலகையில் படியாமல் நின்றது. வீக்கமாக்கும் என்று தனக்குத்தானே சொல்லி, துணியைக் கொஞ்சம் கூடச் சுற்றினாள்.

இடையில் ஷெல்லடி தொடங்கி, ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றுபோயிற்று. மறுபடி போனபோது டொக்டர் கட்டைப் பிரித்தார். புண் இருந்த இடத்தில் புதுத்தோல் இளஞ்சிவப்பாய் மினுங்கியது. நேசமலருக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. டொக்டர் கையை நீட்டிப் பார்த்தார். அது வரவில்லை.

“எலும்பு ஏதும் முறிஞ்சிட்டுதோ டொக்டர்?”

“எலும்பிலை ஒரு குறையும் இல்லை, தங்கச்சி. மூட்டும் நல்லாத்தான் இருக்கு. மேல்தோல் மட்டும் எரிஞ்சிருந்தால் பழையபடி வந்திருக்கும். இது அடித்தோலும் எரிஞ்ச புண். ஆறி வரேக்கை தோல் சுருங்கி இழுக்கும். அதுக்குத்தான் நீட்டிக் கட்டினனான். இடையிலை அவிட்டனீங்களோ?”

அவள் வாய் திறக்குமுன் மயில்வாகனம் முந்திக்கொண்டான்.

“ஒருநாளும் இல்லை டொக்டர். இவா அந்தக் கையைக் கண்ணுக்குள்ளை வைச்சுப் பாத்தவா.”

அந்தச் சொல் அவளைச் சுட்டது.

“இனி என்ன செய்யலாம்?” என்று மட்டும் கேட்டாள்.

“தொடையிலை தோல் எடுத்து வைச்சுத் தைக்கலாம். இஞ்சை அதுக்கு வசதியில்லை. வவுனியாவுக்குத்தான் போகோணும். பாதை சண்டையிலை பூட்டிக் கிடக்கு. எப்ப திறக்குமெண்டு எனக்கும் தெரியாது.”

மயில்வாகனம் சைக்கிளை எடுக்கப் போனான். வெயிலில் பிள்ளை சிணுங்க, நேசமலர் தூக்கிக்கொண்டாள். பிரியந்தினி நீளாத அந்தக் கையை மெல்லக் கொண்டுவந்து தாயின் கழுத்தில் போட்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் அது பொருந்தியது.

“இப்ப நோகேல்லை அம்மா,” என்றாள்.