குடைக்காரி

"அந்தக் குடைக்காரியையும் எடுத்துடு அஸ்ஃபியா. மையத்து வெக்கிற எடத்துல உருவம் எதுவும் இருக்கக் கூடாது" என்றாள் பக்கத்து வீட்டு சைபூன் பெரியம்மா.

கைக்கு ஒன்றாகப் பீங்கான் பொம்மைகளை அஸ்ஃபியா அடுப்படிக்குச் சுமந்துகொண்டிருந்தாள். முன்கூடம் கடை, பின்பக்கம் வீடு. அம்மாவின் உடலைக் கிடத்த அந்தக் கூடத்தை விட்டால் வேறு இடமில்லை. தையல் மெஷின்களைத் தெருக்காரர்கள் சுவரோரம் தள்ளிவிட்டார்கள். பொம்மைகளைத் தொடத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. உடைந்தால் அஸ்ஃபியாவின் அப்பா ஜமால் என்ன சொல்வாரோ என்ற பயம் சாவு வீட்டிலும் போகவில்லை.

அத்தா ஜமாலுக்கு உயிருள்ளவர்களைவிடப் பீங்கான் மனிதர்களிடம்தான் மரியாதை அதிகம். பிரெஞ்சு பென்ஷன்காரர்களின் பழைய வீடுகள் கைமாறும்போது முதல் ஆளாகப் போய் நிற்பார். அங்கே கிடைக்கும் பீங்கான் சிலைகளையும் காலால் மிதித்து ஓட்டும் தையல் மெஷின்களையும் வாங்கிவந்து, சேர்த்துவைக்கும் ஆசைக்காரர்களுக்கு விற்பார். பொம்மைகளைக் கழுவித் துடைப்பதும் மெஷின்களை ஓட்டிப் பார்ப்பதும் அம்மா ஜீனத்தின் வேலை. அவள் ஒரு முழம் தைத்து, காதைச் சாய்த்துக் கேட்டு, 'ம்' என்றால்தான் அத்தா விலையே சொல்வார். ஆனால் ஒரு பொம்மையையும் அவள் தொழும் அறைக்குள் விட்டதில்லை.

எல்லாம் குடை பிடித்து நிற்கும் இந்தக் குடைக்காரிப் பொம்மை வந்த பிறகு கெட்டது. சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. மெட்ராஸிலிருந்து அதை வாங்க ஆள் வருகிறார் என்று அம்மா ஆசையாகக் கழுவ உட்கார்ந்தாள். மங்கிக் கிடந்த தங்கப்பூச்சை அழுக்கு என்று நினைத்து, தேங்காய் நாரும் பாத்திரப் பவுடரும் போட்டுத் தேய்த்துவிட்டாள். பாவாடையில் பாதித் தங்கமும் ஒரு கன்னத்துச் சிவப்பும் போயே போய்விட்டன. வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வாங்காமல் வைத்துவிட்டுப் போனார்.

"ஒன் கை வெளங்காமப் போவ!" என்று கத்தினார் அத்தா.

தெருவில் தினமும் நாலு பேர் வாயில் வருகிற வசவுதான். அடுத்த மாதமே மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அம்மாவை வாதம் அடித்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போனது.

அத்தா அவளுக்குக் கஞ்சி ஊட்டினார், துணி மாற்றினார். முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று அஸ்ஃபியா கடைசி நாள்வரை காத்திருந்தாள். வரவில்லை. அந்த ஆத்திரம் அழுகையைவிடப் பெரிதாக அவளுக்குள் இருந்தது.

குளிப்பாட்டி முடித்தார்கள். உடலைச் சுற்றும் கஃபன் துணிக்குத் தையல் கிடையாது; பெரியம்மா அளவு பார்த்துக் கையாலேயே கிழித்தாள். சுவரோரம் இத்தனை மெஷின்கள் சும்மா நின்றன.

முகம் பார்க்க அத்தாவை அழைத்தார்கள். மனைவிமீது எந்தக் குறையும் வைக்கவில்லை, எல்லாவற்றையும் மன்னித்துப் பொருந்திக்கொண்டேன் என்று கணவன் வாயால் சொல்லி அனுப்புவது அந்தத் தெரு வழக்கம்.

"தம்பி, பொருந்திக்கிட்டேன்னு சொல்லிடுப்பா. அவ நிம்மதியாப் போவட்டும்" என்றாள் பெரியம்மா.

அத்தா வாய் திறக்கவில்லை. வாசலில் சந்தூக்குப் பெட்டியைத் தூக்க ஆட்கள் காத்திருந்தார்கள். அஸ்ஃபியாவுக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் பொம்மைய இன்னுமா மனசுல வச்சிருக்கீங்க அத்தா? சொல்லி அனுப்புங்க!"

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"எனக்கு என்னம்மா கொற? நான் பொருந்திக்கிட்டேன்." குரல் இறங்கியது. "அவ பொருந்திக்கிட்டாளான்னு நான் யாரக் கேக்கறது?"

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் கலிமா சொல்லியபடி அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. வந்தவர்கள் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். சும்மா உட்கார முடியாமல், அஸ்ஃபியா கூடத்தைப் பெருக்கிவிட்டுப் பொம்மைகளை அலமாரியில் திரும்ப அடுக்கினாள். குடைக்காரியைக் காணோம். அடுப்படியில் தேடினாள், அங்கேயும் இல்லை.

கொல்லையில் சத்தம் கேட்டது. குழாயடியில் அத்தா குந்தியிருந்தார். கபர்ஸ்தான் மண் காலில் அப்படியே இருந்தது. இடது கையில் குடைக்காரியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் நார்.

"என்ன அத்தா பண்றீங்க?"

"ஒங்கம்மா பாதியில உட்டுட்டா" என்றார், தலை நிமிராமல். "இந்தப் பக்கமும் அழுக்குதாம்மா இருக்குது."

மிச்சமிருந்த கன்னமும் வெளுத்துக்கொண்டிருந்தது. அஸ்ஃபியா குனிந்து, அவர் கைமேல் தண்ணீர் விழும்படி குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டாள்.